சிங்கப்பூர் கட்டுமான சைட்டில் சில்ட் ஃபென்ஸ் (வண்டலைத் தடுக்கும் துணி வேலி) போட்டும் வடிகாலில் செம்மண் தண்ணீர் போகிறது. என்ன செய்வது?

சில்ட் ஃபென்ஸ் மணலையும் பருமனான வண்டலையும்தான் நிறுத்தும். தண்ணீரைச் சிவப்பாக்குவது களிமண். 0.1 மி.மீ. மணல் துகள் ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் போதும். 0.002 மி.மீ. களிமண் துகளுக்கு இரண்டரை நாளாவது ஆகும், அதுவும் அசையாத தண்ணீரில். இரண்டாவது வேலி, மூன்றாவது வேலி என்று அடுக்கினாலும் அது துணி வழியாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் மிதக்கும் திடப்பொருள். பால் டீ நிறத்தில் ஓடினால் அதை எப்போதோ தாண்டியாயிற்று.

மண் கரையாமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவான வழி. வேலை நடக்காத சரிவையும் மண் குவியலையும் மூடுங்கள். கேன்வாஸை மேலடுக்கு கீழடுக்கின் மேல் ஏறும்படி போட்டு, மேல் விளிம்பை மண்ணில் புதையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் அடியில் புகுந்து அரிக்கும். வெளியிலிருந்து வரும் நல்ல தண்ணீரைச் சுற்று வாய்க்காலிலேயே திருப்பிவிடுங்கள். உள்ளே ஓடும் வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூச்சு வேண்டும். வெறும் மண் வாய்க்கால் தானே சேறு தயாரிக்கும்.

வேலியின் அடித்துணி 150 மி.மீ.யாவது குழியில் புதைந்திருக்கட்டும். கட்டைகள் பள்ளத்துப் பக்கம் நிற்க வேண்டும். தண்ணீர் ஒன்றுதிரண்டு ஓடும் இடத்துக்குக் குறுக்கே மட்டும் கட்டாதீர்கள், அடித்துக்கொண்டு போய்விடும். மூன்றில் ஒரு பங்கு உயரம் மண் சேர்ந்ததும் அள்ளிவிடுங்கள்.

அடுத்தது, சைட்டின் சேற்றுத் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் குளத்தின் அளவு. ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை பெய்து அதில் 60% ஓடிவந்தால் 300 கன மீட்டர். சுத்திகரிப்பு இயந்திரம் மணிக்கு 30 கன மீட்டர்தான் எடுக்கும் என்றால் பத்து மணி நேரம் ஓட வேண்டும்; அதுவரை மீதித் தண்ணீர் நிற்கக் குளத்தில் இடம் வேண்டும். காலையில் ஒரு மழை, மாலையில் ஒரு மழை என்றால் பாதி நிரம்பிய குளம் வழிந்துவிடும். மழை விட்டதும் உடனே காலி செய்யுங்கள். களிமண் துகள்களை ஒன்றுதிரட்டி இறங்கவைக்கும் உறைவிப்பு மருந்தை மூட்டைக் கணக்கில் கொட்டாமல், ஜாடிச் சோதனை செய்து (சில ஜாடிகளில் அதே தண்ணீரை எடுத்து வெவ்வேறு அளவு மருந்து போட்டு) அளவு பாருங்கள். அதிகம் போட்டாலும் தெளியாது.

பெரும்பாலும் குற்றவாளி மழைகூட இல்லை, அஸ்திவாரக் குழியில் கிடக்கும் பம்ப். அது குழியின் அடிச்சேற்றை உறிஞ்சும். அவசரத்தில் யாரோ ஹோஸை நேரே வடிகாலில் விட்டுவிடுவார்கள். துளையிட்ட டிரம்மைச் சுற்றி ஜியோடெக்ஸ்டைல் துணி, அதைச் சுற்றி ஜல்லி, உள்ளே அடியிலிருந்து சற்று தூக்கி வைத்த பம்ப் என்று அமையுங்கள். ஹோஸ் குளத்துக்குத்தான் போக வேண்டும். கான்கிரீட் கழுவிய தண்ணீரை இதில் கலக்காதீர்கள். அதன் பிஹெச் 12 வரை போகும், வெளியே விட 6 முதல் 9க்குள் இருக்க வேண்டும்.

ஈசிஎம் (மண் அரிப்புக் கட்டுப்பாட்டு ஏற்பாடுகள்) வரைபடத்தில் க்யூஇசிபி (தகுதிபெற்ற மண் அரிப்புக் கட்டுப்பாட்டு நிபுணர்) கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் அது அன்றைய சைட்டுக்கு. தோண்டும் இடமோ டிப்பர் பாதையோ மாறினால், அடுத்த மழைக்கு முன் அவரைக் கூப்பிட்டுத் திருத்தி வாங்குங்கள்.