பேறுகால விடுப்பு: தகுதிக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது?

வாசகர் கேள்வி – பதில்

பேறுகால விடுப்பு குறித்து உள்ளூரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்துள்ள கடிதங்களைப் படித்தபோது ஒன்று தெளிவாயிற்று. எத்தனை வாரம் விடுப்பு என்பது எழுதியவர்களில் பலருக்கும் தெரிந்தே இருக்கிறது. அந்த விடுப்பு தமக்குக் கிடைக்குமா என்பதில்தான் தடுமாற்றம். ஆகவே இம்முறை தகுதி நிபந்தனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறோம்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பிப்ரவரி 3ஆம் தேதி சேர்ந்தேன். மாதச் சம்பளம் 26,000 ரூபாய். ஆகஸ்ட் 20 பிரசவ நாள் என்று மருத்துவர் குறித்துக் கொடுத்திருக்கிறார். ஓராண்டு பணி முடித்தவர்களுக்குத்தான் சம்பளத்துடன் விடுப்பு என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. நான் என்ன செய்வது? (வாசகி, திருப்பூர்)

பதில்: ஓராண்டு என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கேட்டது 80 நாள் வேலை மட்டுமே. எதிர்பார்க்கப்படும் பிரசவ நாளுக்கு உடனடி முந்தைய 12 மாதங்களுக்குள், யாரிடம் விடுப்பு கேட்கிறீர்களோ அதே முதலாளியின் நிறுவனத்தில் அந்த 80 நாளும் வேலை பார்த்திருக்க வேண்டும். தொடக்கத்தில் இது 160 நாளாக இருந்தது. 1988இல் கொண்டுவந்த திருத்தம் அதைப் பாதியாகக் குறைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே 80 நாள்தான் தொடர்கிறது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால், பிப்ரவரி 3இல் தொடங்கி மே மாதத் தொடக்கத்திலேயே 80 நாள் நிறைந்துவிடுகிறது. பிரசவத்துக்கு முன்பாக அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம் என்பதால், ஜூன் மாதத்தின் கடைசி வாரத்தில் நீங்கள் விடுப்பில் போனாலும் அதற்குள் சுமார் 120 நாள் வேலை பார்த்திருப்பீர்கள். சம்பளத்துடன் கூடிய சட்டப்படியான விடுமுறை நாட்களும், வேலையில்லை என்று நிர்வாகமே நிறுத்தி வைத்த லே-ஆஃப் நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். இதற்கு முன் வேறு நிறுவனத்தில் பார்த்த வேலை மட்டும் சேராது. கருவுற்ற நிலையில் வேலை மாற எண்ணுகிறவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு. விடுப்பில் செல்வதற்கு முந்தைய மூன்று மாதங்களின் சராசரி நாள் ஊதியத்தை வைத்துப் பணம் கணக்கிடப்படும். வாரத்தின் ஏழு நாட்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, இதைக் கணக்கிட வேண்டும் என்று கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து மேலே சென்ற ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977இலேயே தீர்த்து வைத்துவிட்டது. நீங்கள் கையெழுத்திட்ட தாளைப் பற்றிக் கவலை வேண்டாம்: சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது. எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். மறுத்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை ஆய்வாளரிடம் முறையிடலாம். விடுப்புக் காலத்தில் அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

இதே நிறுவனத்தில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் உங்கள் தோழிகளுக்கு வழி வேறு. அவர்கள் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பார்கள்; அவர்களுக்குப் பணம் தர வேண்டியது இ.எஸ்.ஐ. கழகம். அங்கே சம்பளத்தில் பிடிக்கும் காப்பீட்டுச் சந்தா 70 நாளுக்கு இருந்தால் போதும், ஆனால் அந்த நாட்கள் எண்ணப்படும் முறையைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று என்று சந்தாக் காலங்கள் உள்ளன. பிரசவம் ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையே என்றால், முந்தைய செப்டம்பரோடு முடிந்த இரண்டு சந்தாக் காலங்களைப் பார்ப்பார்கள். ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையே என்றால், அந்த ஆண்டு மார்ச்சோடு முடிந்த இரண்டைப் பார்ப்பார்கள். பிரசவத்துக்குச் சற்று முன்னால் பிடித்த சந்தா கணக்கில் வராமலே போகக்கூடும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் பலர் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். அதே சமயம், நிறுவனம் மாறினாலும் காப்பீட்டு எண் அதுவேதான் என்பதால் பழைய இடத்தில் பிடித்த சந்தாவும் சேரும். ஆகவே புது இடத்தில் பழைய எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: நானும் கணவரும் சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கான எம்பிளாய்மென்ட் பாஸில் வேலை செய்கிறோம். என் அலுவலகத் தோழிக்கு 16 வாரம் சம்பளத்துடன் கிடைத்தது. எனக்கு 8 வாரத்துக்குத்தான் சம்பளம் என்கிறார்கள். ஒரே அலுவலகத்தில் இது எப்படி? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: அலுவலகம் சொல்வது சரியே. அரசு ஊதியத்துடன் கூடிய 16 வாரம், பிறக்கும் குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருந்தால்தான் கிடைக்கும். தாய் எவ்வளவு காலமாக உழைத்தார், எவ்வளவு வரி கட்டினார் என்பதைக்கூட அடுத்தபடியாகத்தான் பார்க்கிறார்கள். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால், வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி 12 வாரம் உண்டு. முதல் 8 வாரத்துக்கு முதலாளி சம்பளம் தர வேண்டும், பிந்தைய 4 வாரம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அந்த 8 வாரச் சம்பளத்துக்கும் ஏற்கெனவே உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இரு வகைக்கும் பொதுவானது, பிரசவத்துக்கு முன் அதே முதலாளியிடம் தொடர்ந்து மூன்று மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது. குறைந்தது ஒரு வாரம் முன்னதாகத் தகவல் தந்துவிடுங்கள். தக்க காரணமின்றித் தவறினால் சம்பளம் பாதியாகலாம்.

வீட்டுப் பணிப்பெண்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. வேறு வகை அனுமதியான வொர்க் பெர்மிட்டில் உள்ள பெண்கள், சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ அனுமதி பெற்று மணந்தவர்களாக இருந்தாலன்றி, அங்கே கருவுறவே கூடாது என்பது அனுமதிச் சீட்டின் நிபந்தனை. ஒரு பெண்ணின் உழைப்பை ஏற்றுக்கொண்டு அவள் தாய்மையை மட்டும் விலக்கி வைக்கும் இந்த நிபந்தனையை எங்களால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

கேள்வி: எனக்கு இது மூன்றாவது குழந்தை. குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்து விடுப்பைக் குறைப்பது எல்லா நாடுகளிலும் உண்டா? (வாசகி, கிள்ளான், மலேசியா)

பதில்: மலேசியாவில் உங்களுக்குத் தடையில்லை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் ஏற்கெனவே உயிருடன் இருந்தால்தான் அங்கே பேறுகால ஊதியம் நின்றுபோகும். 2023 ஜனவரி 1 முதல் 60 நாள் என்பது 98 நாளாக உயர்ந்துள்ளது. பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதங்களில் அந்த முதலாளியிடம் மொத்தம் 90 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். முந்தைய நான்கு மாதங்களில் எப்போதாவது அவரிடம் வேலையில் இருந்திருக்கவும் வேண்டும்.

இலங்கையில் முன்பு மூன்றாவது குழந்தையிலிருந்து விடுப்பு 42 நாளாகச் சுருங்கிவிடும். 2018இல் சட்டத்தைத் திருத்தி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கினார்கள். இந்தியாவில் இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு மத்தியச் சட்டப்படி 12 வாரம் உண்டு. ஆனால் தமிழக அரசு ஊழியருக்கான விதி இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்கிறது. முதல் மணத்தில் பிறந்த இரு குழந்தைகளும் தந்தையிடம் வளர, மறுமணத்தில் முதல் குழந்தை பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு இந்த விதியைக் காட்டி விடுப்பு மறுத்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை நீக்கி, பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்றது. மக்கள்தொகைக் கட்டுப்பாடு நல்ல நோக்கமாகவே இருக்கட்டும். பிறந்துவிட்ட பச்சிளங்குழந்தையின் தாய்ப்பாலைக் குறைத்து அதை அடைய வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் இரண்டு மாதக் கர்ப்பிணி. பேறுகால ஊதியத்துக்குத் தகுதி இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அரசு உதவி ஏதும் கேட்டால் விசாவுக்குப் பாதிப்பு வரும் என்று உடன் வேலை செய்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். (வாசகி, லெஸ்டர்)

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று செய்திகள் கலந்துள்ளன, பிரித்துப் பார்த்தால் அச்சம் பாதி நீங்கும்.

முதலாவது, விடுப்பு. பிரிட்டனில் ஊழியராக உள்ள பெண்ணுக்கு 52 வார விடுப்பு, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை. அதற்குப் பணிக்கால நிபந்தனை கிடையாது. இரண்டாவது, முதலாளி மூலம் வரும் சட்டப்படியான ஊதியம். அதற்கு, பிரசவ வாரத்துக்கு முந்தைய 15ஆவது வாரம் வரை அதே முதலாளியிடம் தொடர்ந்து 26 வாரம் வேலை பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 41 வாரம் ஆகிறது. அதாவது, கருவுறுவதற்கு முன்பே அந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் இது கிடைக்கும். இந்த வகையில் நிர்வாகம் சொன்னது உண்மைதான்; ஆனால் அத்தோடு நிறுத்திவிட்டது தவறு.

மூன்றாவதாக, அரசு நேரடியாகத் தரும் மெட்டர்னிட்டி அலவன்ஸ் இருக்கிறது. பிரசவ வாரத்துக்கு முந்தைய 66 வாரங்களுக்குள் ஏதேனும் 26 வாரம் வேலையில் இருந்து, அவற்றில் 13 வாரமாவது வாரத்துக்கு 30 பவுண்டு அல்லது அதற்கு மேல் ஈட்டியிருந்தால் போதும். வாரங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே முதலாளியிடம் என்பதும் இல்லை. இரண்டாம் மாதத்தில் சேர்ந்த நீங்கள் எட்டாம் மாதத்தின் கடைசி வரை பணியில் இருந்தாலே 26 வாரம் நிறைந்துவிடும். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டின் விகிதப்படி வாரத்துக்கு 187.18 பவுண்டு, அல்லது உங்கள் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது, 39 வாரத்துக்குக் கிடைக்கும். முதலாளி ஊதியம் பெறும் பெண்ணுக்கு முதல் ஆறு வாரம் 90 சதவீதம் முழுமையாகக் கிடைப்பதுபோல உங்களுக்குக் கிடைக்காது என்பது மட்டுமே குறை.

விசா பற்றிய அச்சத்துக்கு இடமில்லை. பொது நிதியைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை குறிப்பிட்ட சில உதவிகளின் பட்டியலுக்கு மட்டுமே பொருந்தும். பேறுகால ஊதியமும் மெட்டர்னிட்டி அலவன்ஸும் அந்தப் பட்டியலில் இல்லை. நிர்வாகத்திடம் எஸ்.எம்.பி.1 என்ற மறுப்புப் படிவத்தை எழுதி வாங்குங்கள். மருத்துவச்சி தரும் மேட் பி1 சான்றையும் சேர்த்து விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: நாட்டுக்கு நாடு இப்படி மாறுவதற்குப் பதிலாக உலகம் முழுமைக்கும் ஒரே அளவு கிடையாதா? (வாசகர், மதுரை)

பதில்: அளவுகோல் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கப்பட்ட 1919ஆம் ஆண்டிலேயே அதன் மூன்றாவது உடன்படிக்கை பேறுகாலப் பாதுகாப்பைப் பற்றியது. இப்போதுள்ள 183ஆவது உடன்படிக்கை 2000ஆம் ஆண்டில் வந்தது. குறைந்தது 14 வாரம், முந்தைய ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொகை என்பதோடு, தகுதி நிபந்தனைகளைப் பெரும்பான்மையான பெண்களால் நிறைவேற்ற முடிய வேண்டும் என்றும், முடியாதவர்களுக்குச் சமூக உதவி நிதியிலிருந்து வழி செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்தியா இதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. முதலாளி ஒருவரையே முழுச் செலவையும் ஏற்கச் சொல்லக் கூடாது என்ற கருத்தும் அதில் உண்டு. இ.எஸ்.ஐ.க்கு வெளியே நம் சட்டமோ முழுச் செலவையும் முதலாளி தலையிலேயே வைக்கிறது. அதனால் மணமான இளம்பெண் என்றாலே வேலை தரத் தயங்கும் நிறுவனங்கள் பெருகுகின்றன.

செலவு யார் தலையில் என்பதைப் பொறுத்தே நிபந்தனையும் அமைகிறது. கனடாவில் வேலைவாய்ப்புக் காப்பீட்டு நிதியிலிருந்து தருவதால், முந்தைய 52 வாரங்களில் 600 மணி நேர வேலை இருந்தால் போதும். இரண்டு மூன்று பகுதி நேர வேலைகளின் மணிகளையும் கூட்டிக்கொள்ளலாம். பக்கத்து நாடான அமெரிக்காவில் மத்தியச் சட்டம் தருவது 12 வாரம் ஊதியமில்லா விடுப்பு மட்டுமே. அதற்கே 12 மாதப் பணி, அந்த ஆண்டில் 1,250 மணி நேர வேலை, 75 மைல் சுற்றளவில் நிறுவனத்துக்கு 50 ஊழியர்கள் என்று மூன்று நிபந்தனைகள். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் தாமாக நிதி அமைத்துத்தான் ஊதியம் தருகின்றன.

கேள்வி: நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்கிறேன். எனக்கு ஏதாவது உண்டா? என் மகள் இதை எழுதித் தருகிறாள். (வாசகி, சென்னை)

பதில்: அம்மா, பேறுகால விடுப்புச் சட்டம் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கும், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது, தனி வீடுகளை அது தொடவில்லை. வேலைக்காரர்களின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட இந்தக் கோட்டுக்கு வெளியேதான் நாட்டின் பெரும்பாலான உழைக்கும் பெண்கள் நிற்கிறார்கள் என்பது எங்களுக்கு ஆறாத வருத்தம். சட்டம் மாறும் வரை உங்களுக்கு உள்ள வழி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களில், 19 வயது நிரம்பிய தாய்க்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கும். தொகை தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும். கரு உறுதியானதும், பன்னிரண்டு வாரத்துக்குள், உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் எனும் கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். ஆதார் அட்டையும், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிப் புத்தகமும் கையில் இருக்கட்டும்.