அபராதம் உள்ளதெல்லாம் ஒழுக்கக்கேடா?

சிங்கப்பூரில் சட்டம் தடுக்கும் செயல்கள் அனைத்தும் ஒழுக்கக்கேடானவையா என்று கேட்டிருக்கிறீர்கள். அல்ல என்பதே என் கருத்து. சூயிங்கம் விற்பனைக்கு 1992 முதல் தடை உள்ளது. அதற்காக அதை மெல்லுபவரைத் தீயவர் என்று எவரும் கருதுவதில்லை. மாறாக, சூதாட்டக்கூடத்திற்குள் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டிச் சட்டப்படியே நுழையலாம் என்றாலும், வீட்டுச் செலவுப் பணத்தை அங்கே தொலைத்து வருபவரைக் குடும்பத்தார் எளிதில் மன்னிப்பதில்லை.

இவற்றைவிட என்னை அதிகம் உறுத்துவது இல்லப் பணிப்பெண்களின் ஓய்வுநாள். மாதத்தில் ஒரு நாளையாவது, பணம் கொடுத்து ஈடுசெய்யாமல், அவர்களுக்கு விடுப்பாக அளிக்க வேண்டும் என்ற விதி 2023 சனவரியில்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்னர், பணிப்பெண் ஒப்புக்கொண்டால் ஓய்வுநாள் முழுவதையும் பணமாக்கிவிட இடமிருந்தது. வேலையை இழக்க அஞ்சுபவர் தரும் ஒப்புதலை உண்மையான ஒப்புதலாக நான் எண்ணவில்லை. ஆகவே அச்செயல் விதி வருவதற்கு முன்பும் தவறுதான்.

உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்பதோ (பலர் இதற்கே கொதிக்கிறார்கள்!) வெறும் வழக்கம்; தட்டோடு தடுமாறும் முதியவரைக் கண்டும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மறுக்கும்போதுதான் அது ஒழுக்கப் பிரச்சினையாகிறது.