உள்நுழைவு மறுக்கப்படும் பயனருக்குக் காரணத்தைத் தமிழில் காட்டுவது எப்படி?

கேள்வி: கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் லினக்ஸ் சர்வரில், வேலையை விட்டுப் போனவர்கள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் முறை) வழியாக நுழைய முயன்றால் 'பர்மிஷன் டினைடு' என்று மட்டும் வருகிறது. நம் செய்தியைக் காட்ட முடியுமா?

முடியும். ஆனால் எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் பயனர்களைப் பெயர் சொல்லித் தடுக்கும் டினை-யூசர்ஸ் வரியால் தடுத்தால் முடியாது. அது சரியான கடவுச்சொல்லையும் தவறானதைப் போலவே நிராகரிக்கும். வெளியாளுக்கு எந்தத் தகவலும் கசியக் கூடாது என்பதற்காகவே அப்படி. எனவே அடையாளம் சரிபார்க்கும் வரை அனுமதித்து, அதற்கு அப்புறம் நிறுத்துங்கள்.

எளிய வழி, பயனரின் ஷெல்லை (நுழைந்ததும் கட்டளைகளை வாங்கும் நிரலை) நோலாகின் என்று, அதாவது உடனே வெளியேற்றும் நிரலாக, மாற்றுவது. ஈடிசி அடைவில் 'நோலாகின்.டிஎக்ஸ்டி' கோப்பில் "உங்கள் கணக்கு மூடப்பட்டது. சம்பளச் சீட்டுக்கு அலுவலகத்தில் கேளுங்கள்" என்று எழுதி யுடிஎஃப்-8ல் சேமித்தால், பல லினக்ஸ் வகைகளில் அதைக் காட்டிவிட்டு இணைப்பு மூடிக்கொள்ளும்; எல்லா வகைகளிலும் நோலாகின் இந்தக் கோப்பைப் படிப்பதில்லை.

இங்கே கவனம் தேவை. பெயரில் '.டிஎக்ஸ்டி' விட்டுப்போனால் அது வேறு கோப்பு: ரூட்டைத் (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கைத்) தவிர யாருமே நுழைய முடியாது. ரூட்டுக்கும் எஸ்எஸ்ஹெச் மூடியிருந்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிப் போய்த்தான் சரிசெய்ய வேண்டும், அதுவும் ஐப்பசி மழையில். ஆகவே திறந்திருக்கும் ஓர் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டே மாற்றுங்கள்.

குழுவுக்கு ஒரு செய்தி வேண்டுமென்றால் எஸ்எஸ்ஹெச்டி (சர்வரில் ஓடும் எஸ்எஸ்ஹெச் நிரல்) அமைப்புக் கோப்பில் அந்தக் குழுவுக்கு மட்டும் பொருந்தும் மேட்ச்-குரூப் பகுதி எழுதி, நுழைந்ததும் கட்டாயமாக ஓடும் கட்டளையைக் குறிக்கும் ஃபோர்ஸ்-கமாண்டில், செய்தி எழுதிய கோப்பைக் காட்டும் கேட் கட்டளையைக் கொடுங்கள். இதற்கு ஷெல் வழக்கமானதாகவே இருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் அந்தப் பயனர்களுக்கு டிசிபி ஃபார்வர்டிங்கை (சர்வர் வழியாக வேறு கணினிகளுக்கு இணைப்பைக் கடத்தும் வசதியை) நிறுத்துங்கள். இல்லையேல் ஷெல் கிடைக்காவிட்டாலும் சர்வர் வழியாக உள் நெட்வொர்க்கை எட்டிவிடலாம்.