பழைய எலும்புக்கூடுகளின் அடித்தட்டை வெட்டத் தேவையில்லை

பழைய உருவங்கள் நண்பரின் வரிசையோடு பொருந்தவில்லை, அவற்றை ஒட்டியிருக்கும் சதுர அடித்தட்டை வெட்டி மாற்றவா என்று யோசிக்கிறீர்களா? வெட்ட வேண்டாம். வார்ஹாமர் என்பது சின்ன பிளாஸ்ரிக் உருவங்களை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு; 2015இற்கு முன் ஒட்டிய அதன் எலும்புக்கூட்டுப் படை, புதிய வடிவமான ‘தி ஓல்ட் வேர்ல்ட்’டுக்குள் அப்படியே வரலாம். உருவங்கள் மாறவில்லை, நிற்கும் இடம்தான் அகலமாகிவிட்டது.

உங்கள் வரிசை நண்பரின் வரிசையோடு பொருந்தாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: அப்போது எலும்புக்கூட்டுக்கு 20 மில்லிமீற்றர் சதுரம், 2024இல் வந்த இந்த விளையாட்டில் 25. ஐந்து பேர் நின்றால் 100 அல்ல, 125 மில்லிமீற்றர். முன்வரிசை அகலத்தை வைத்துத்தான் எத்தனை பேர் அடிக்கலாம் என்று பார்ப்பது, ஆகவே சின்ன விஷயமில்லை.

முதலில் அடிமட்டத்தால் ஓர் அடித்தட்டை அளந்து பாருங்கள். 20 என்றால், தடித்த காட்போட் மட்டையில் 125க்கு 100 அளவில் ஒரு தட்டு வெட்டி, 25 மில்லிமீற்றர் கட்டங்கள் கீறி, கட்டத்துக்கு ஒருவராக நிறுத்துங்கள். இருபது பேருக்குச் சரி. சாகிறவர்களைப் பின்வரிசையில் இருந்து எடுங்கள்.

நான் அவசரப்பட்டு வெட்டினேன். ஆறு பேருக்குக் கணுக்கால் போனது. அப்புறம் மாரி ஈரத்தில் சுப்பர் குளூவால் ஒட்டப்போய் வெள்ளை படிந்தது வேறு கதை. பசையை இளக்க நகப்பூச்சு நீக்கியைத் தொடவே வேண்டாம், அதிலுள்ள அசிற்றோன் பிளாஸ்ரிக்கைக் கரைத்துவிடும்.

ஒன்று: நண்பர் விளையாடுவது இன்னொரு வார்ஹாமர் விளையாட்டான ‘ஏஜ் ஒஃப் சிக்மார்’ என்றால் இது பொருந்தாது, அங்கே வட்ட அடித்தட்டு. போட்டிக்குப் போவதென்றால் மட்டைத் தட்டை ஏற்பார்களா என்று முதலே கேளுங்கள்.