1934 ஆகஸ்டா செய்தி நறுக்கு அசலா?

அமெரிக்காவின் ஆகஸ்டா நேஷனல் மைதானத்தில் நடக்கும் 'மாஸ்டர்ஸ்' கோல்ஃப் போட்டி பற்றிய செய்தி நறுக்கில் அந்தப் பெயரே இல்லை, குழி எண்களும் இன்றைய வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை, அதனால் போலியோ என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த இரண்டுமே நல்ல அறிகுறிகள்! முதல் ஆண்டில் அது 'ஆகஸ்டா நேஷனல் அழைப்புப் போட்டி'தான்; மாஸ்டர்ஸ் என்ற பெயர் அதிகாரபூர்வமானது 1939-ல். அப்புறம், 1934-ல் இன்றைய பின் ஒன்பது குழிகளை, அதாவது 10 முதல் 18 வரையிலானவற்றைத்தான் முதலில் ஆடினார்கள். மறு ஆண்டே வரிசையை மாற்றிவிட்டார்கள். ஆகவே, கடைசிச் சுற்றில் அந்த ஆண்டின் வெற்றியாளர் ஹார்ட்டன் ஸ்மித் நீளமான பட் (பந்தைத் தரையோடு குழிக்கு உருட்டும் அடி) ஒன்றை உருட்டி பேர்டி (நிர்ணயித்த அடிகளைவிட ஒன்று குறைவாக முடிப்பது) எடுத்த 17-வது குழி, இன்றைய 8-வது. மற்ற எண்களையும் இப்படி 9 கூட்டியோ கழித்தோ வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். வெற்றியாளருக்குப் பச்சைக் கோட்டு அணிவித்ததாகச் செய்தியில் இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். அந்த வழக்கம் 1949-ல்தான் வந்தது.