கூகுள் ஸ்காலரில் 9, ஸ்கோபஸில் 4: படிவத்தில் எதை எழுதுவது?

கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் என்ற அளவுகோல், கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுத் தேடுதளத்தில் உங்களுக்கு 9, ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் 4 என்று காட்டுவதாகக் கேட்டிருக்கீங்க. 4-ஐ எழுதுங்க. படிவம் "ஸ்கோபஸ் எச்-இண்டெக்ஸ்" என்று கேட்டால் கூகுளின் 9 அங்கே செல்லாது. இரண்டும் பொய்யில்லை, மரக்கால்தான் வேறு. 4 என்றால், தலா 4 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 4 இருக்கின்றன என்று பொருள். ஸ்கோபஸ் தன் பட்டியலுக்குள் வருகிற இதழ், நூல், மாநாட்டுத் தொகுப்புகளிலிருந்து மட்டுமே எண்ணும். கூகுளோ பிஎச்.டி. ஆய்வேடு வரை அள்ளிப் போட்டுக்கொள்ளும். வடுவூர் ஏரி நாரைகளின் இரைதேடலைப் பற்றி எழுதுகிற உங்களை ஆய்வேடுகள் நிறையவே மேற்கோள் காட்டியிருக்கலாம்.

ஆனாலும் 5 வித்தியாசம் உறுத்துது. எனக்குச் சந்தேகம் இனிஷியல் மேலதான். ஒரு கட்டுரையில் அப்பாவின் முதலெழுத்து மட்டும், இன்னொன்றில் ஊரும் சேர்ந்து, மூன்றாவதில் அப்பா பெயரே குடும்பப் பெயராகி அச்சாகியிருக்கும். மன்னார்குடியில் இருப்பது நீங்க ஒரே ஆள். ஸ்கோபஸுக்கு மூணு பேர்!

1. ஸ்கோபஸின் இலவச ஆசிரியர் தேடலில் பெயரை எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்க.
2. உங்க பெயரில் இரண்டு ஆசிரியர் பக்கம் கிடைத்தால், ஒன்றாக்கச் சொல்லி அங்கேயே விண்ணப்பிக்கலாம். ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான 16 இலக்க ஆர்கிட் எண்ணையும் இணைச்சிடுங்க.

கூகுள் பக்கத்தையும் ஒருமுறை சலிச்சுப் பாருங்க. அதே பெயருள்ள வேறொருவர் கட்டுரை தானாக வந்து ஒட்டியிருந்தால் நீக்கிடுங்க, நேர்காணலில் கேட்பாங்க. உளவியல் துறை நண்பரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். 2005-இல் இந்த அளவுகோலை முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷே துறைக்குத் துறை மாறும் என்றுதான் எழுதினார்.