கப்போட கைப்பிடி எந்தப் பக்கம்?

கேள்வி: போன இதழ்ல அந்த லோ பட்ஜெட் ரத்தக்காட்டேரி படத்துக்கு நீங்களே விமர்சனம் எழுதி ‘கண்டிப்பா பாருங்க’ன்னு போட்டிருந்தீங்க. உங்கள நம்பி உக்காந்தேன். பாத்தவங்க எல்லாரும் குப்பைங்கறாங்க, ரேட்டிங்கும் பத்துக்கு அஞ்சு சொச்சம்தான். பயமே வரல, பாதி படம் இருட்டு, காட்டேரி பட்டப்பகல்ல நடந்து போகுது, லாஜிக்கே கிடையாது. சின்னப் படம்னா மட்டும் உங்களுக்கு மனசு இளகிடுமா, இல்ல வேற எதாவது இளகுச்சா? ரெண்டாம் பாகம் வேற எடுக்கறாங்களாம், அதுக்கும் இப்படித்தான் எழுதுவீங்களா? (முழுசா பாக்கல, போன்ல ஓட்டி ஓட்டி ஒரு மணி நேரம் பாத்தேன்.)

பதில்: அடைப்புக்குறிக்குள்ள ஒளிச்சு வெச்சீங்களே ஒரு வரி, உங்க கேள்வியிலயே எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதாங்க. பாதி படம் இருட்டுன்னு சொல்றீங்க, மீதிப் பாதிய நீங்க பாக்கவே இல்ல, அத யாரு இருட்டாக்குனது?

முதல்ல அந்த ‘வேற எதாவது’ விஷயத்த முடிச்சுடுவோம். அந்தப் படக்குழுகிட்ட கையில காசு இருந்திருந்தா ஒரு நல்ல மைக் வாங்கியிருப்பாங்க, எனக்குக் குடுக்க எங்க போறது. சமையலறையில அண்ணனும் தங்கச்சியும் பேசுற சீனு ஞாபகம் இருக்கா (ஓட்டியிருப்பீங்க), அந்த சீன் பூரா பின்னாடி ஃபிரிட்ஜ் உறுமுது, அண்ணன் மூஞ்சிக்கு ஷாட் போனா உறுமல் டக்குனு நிக்குது, தங்கச்சிக்கு வந்தா திரும்ப ஆரம்பிக்குது, அவ வயித்துக்குள்ளதான் ஃபிரிட்ஜ் இருக்கோன்னு எனக்கு சந்தேகமே வந்துருச்சு. ஆளில்லாத ரூமுக்கும் ஒரு சத்தம் உண்டு, அத தனியா ஒரு நிமிஷம் பதிவு பண்ணி எல்லா ஷாட்டுக்கு அடியிலயும் சன்னமா ஓடவிட்டா வெட்டு தெரியாது, பைசா செலவில்லாத வேலை, அதக்கூட பண்ணல. இத என் விமர்சனத்துலயும் எழுதியிருந்தேன், ரெண்டாவது பத்தியில. அதையும் ஓட்டிட்டீங்க போல.

இப்போ இருட்டு. அந்தப் படத்துல முக்கால்வாசி ஒரே வீடு, ஒரே ராத்திரி, கையில ஒரு டார்ச்சு. இத நீங்க வெளிச்சத்துல உக்காந்து போன்ல பாத்தா திரையில உங்க மூஞ்சிதான் தெரியும், காட்டேரி எங்க தெரியும்? இன்னொண்ணு, இணையத்துல ஸ்ட்ரீம் ஆகும்போது டேட்டாவ மிச்சம் புடிக்க படத்த அமுக்கி அமுக்கித்தான் அனுப்புவாங்க, அதுல முதல்ல அடிவாங்குறது இருட்டுதான், கருப்புக்கும் அடர் சாம்பலுக்கும் நடுவுல இருக்குற மெல்லிசான வித்தியாசமெல்லாம் போயி திட்டுத் திட்டா கட்டம் கட்டமா நிக்கும். இதுக்கும் பட்ஜெட்டுக்கும் சம்பந்தமே இல்ல. 2019-ல கேம் ஆஃப் த்ரோன்ஸ்ங்கற டிவி தொடரோட கடைசி சீசன்ல ஒரு ராத்திரிச் சண்டை எபிசோடு வந்துச்சே, பணத்த கொட்டி எடுத்தது, அதுக்கே ‘ஒண்ணுமே தெரியல’ன்னு உலகம் பூரா கத்துனாங்க, கேமராமேன் உங்க டிவி செட்டிங்க சரி பண்ணுங்கன்னு சொல்லப் போயி இன்னும் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அதனால இருட்டுங்கறது குறையா இருக்கலாம், ஆனா யாரோட குறைன்னு பாக்க லைட்ட அணைச்சு பெரிய திரையில ஒருவாட்டி பாக்கணும்.

பகல்ல நடக்குது, லாஜிக் இல்லங்கறீங்க. இது உங்க ஒருத்தர் புகார் மட்டுமில்ல, வந்த கருத்துல நாலுக்கு ஒண்ணு இதத்தான் சொல்லுது, ‘டைரக்டருக்கு ரத்தக்காட்டேரின்னா என்னன்னே தெரியல’ன்னு ஒருத்தர் சாபமே விட்டிருக்காரு. அவருக்கு ஒரு சேதி. 1897-ல பிராம் ஸ்டோக்கர் எழுதுன ட்ராகுலா நாவல்ல ட்ராகுலா பகல்ல லண்டன் தெருவுல நடந்து போறாரு, சக்தி கொஞ்சம் குறையும், அவ்ளோதான், எரிஞ்செல்லாம் போக மாட்டாரு. வெயில் பட்டா காட்டேரி காலிங்கறது 1922-ல வந்த நோஸ்ஃபெராட்டுங்கற ஊமைப் படம் கொண்டுவந்த விஷயம், அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாரும் அதையே வேதமா எடுத்துக்கிட்டாங்க. வேடிக்கை என்னன்னா அந்தப் படத்துலயே ராத்திரி சீன நல்ல பகல்ல எடுத்து நீலச் சாயம் ஏத்தி ராத்திரின்னு காட்டுனாங்க, அதாவது வெயில் பட்டா செத்துப்போற காட்டேரி வெயில்லயேதான் சுத்திட்டு இருந்துச்சு. கதை உரிமையும் வாங்காம எடுத்தது, ஸ்டோக்கரோட மனைவி கேஸ் போட்டு, தயாரிச்ச கம்பெனி திவாலாகி, கோர்ட்டு எல்லா பிரதியையும் அழிக்கச் சொல்லி, அழியாம தப்பிச்ச பிரதியாலதான் இன்னிக்கு நாம பாக்கறோம். இந்தப் படத்துக்காரங்க பழைய விதிக்குப் போயிருக்காங்க, அவ்ளோதான். அதுவும் காட்டேரியா வர்ற அந்தப் பொண்ணு குடையில்லாம நடந்து வரும்போது கண்ண இடுக்கிக்கிட்டு, தலைவலிக்காரி மாதிரி சுவரோரமாவே வருவா பாருங்க, அந்த நடிப்புக்கு நான் எழுந்து நின்னேன்.

ரேட்டிங்குக்கு வருவோம். பத்துக்கு அஞ்சு சொச்சம்னா சுமாரான படம்னு அர்த்தம்னு நெனைக்கறீங்க. உள்ள போயி பாருங்க, பத்து போட்டவங்க ஒரு கும்பல், ஒண்ணு போட்டவங்க ஒரு கும்பல், நடுவுல அஞ்சு போட்டவங்க விரல் விட்டு எண்ணிடலாம். ஒருத்தன் கொதிக்கிற தண்ணியில கால வெச்சிருக்கான், இன்னொருத்தன் ஐஸ் தண்ணியில வெச்சிருக்கான், ரெண்டு பேரையும் சேத்து சராசரி போட்டு வெதுவெதுன்னு இருக்குன்னா எப்படி? அந்த அஞ்சு யாரோட கருத்தும் இல்ல. விமர்சனங்கள சேத்து வைக்குற ராட்டன் டொமேட்டோஸ் வெப்சைட்டு போடுற சதவீதமும் இதே கூத்துதான், அது மார்க்கே கிடையாது, எத்தன விமர்சகர்கள் ‘பரவாயில்ல, பாக்கலாம்’ பக்கம் நின்னாங்கங்கற கணக்கு, எல்லாரும் ‘சுமாரா நல்லாருக்கு’ன்னு சொன்னாலே நூறு சதவீதம் வந்துடும். முதல் நாள் பாக்க வந்தவங்ககிட்ட கார்டு குடுத்துக் கேக்குற சினிமாஸ்கோர்ல, 2018-ல வந்த ஹெரிடிட்டரிங்கற ஹாரர் படத்துக்கு டி ப்ளஸ் விழுந்துச்சு, ஃபெயிலுக்கு பக்கத்துல. விமர்சகர்கள் அதையே தலையில தூக்கி வெச்சு ஆடுனாங்க. டிரெய்லர் பாத்து திடுக் திடுக்குன்னு எதையோ எதிர்பாத்து வந்தவனுக்கு உள்ள வேற ஒண்ணு கெடச்சுது, அவன் போட்ட மார்க்கு ஏமாந்ததுக்கு, படத்துக்கு இல்ல. ஹாரர் படத்துக்குத்தான் இது அதிகமா நடக்கும், ஏன்னா சிரிப்பு வரலன்னா ‘எனக்கு சிரிப்பு வரல’ம்போம், பயம் வரலன்னா மட்டும் ‘நான்லாம் இதுக்கு பயப்படுற ஆளா’ன்னு நெஞ்ச நிமித்திக்கறோம்.

கூட்டமா திட்டுனா படம் குப்பைதான்னு முடிவு பண்றதா இருந்தா, 1932-ல டென்மார்க்கு டைரக்டர் டிரேயர் எடுத்த ரத்தக்காட்டேரி படத்த என்ன பண்றது? பணம் போட்ட பிரபுவே பேர மாத்திக்கிட்டு ஹீரோவா நடிச்சாரு, மத்தவங்கள்லயும் முக்கால்வாசி பேரு தொழில்முறை நடிகர்கள் கிடையாது, லென்ஸுக்கு முன்னாடி மெல்லிசுத் துணியப் புடிச்சு படம் பூரா பனிமூட்டம் மாதிரி காட்டுனாங்க. பெர்லின்ல முதல் காட்சியிலயே கூச்சல் போட்டு அவமானப்படுத்துனாங்க, வியன்னாவுல டிக்கெட் காச திருப்பிக் கேட்டு கலாட்டாவே ஆச்சு. இன்னிக்கு சினிமா படிக்கறவங்க அந்தப் படத்த ஃபிரேம் ஃபிரேமா நிறுத்தி நிறுத்திப் பாக்கறாங்க. உடனே திட்டு வாங்குன படமெல்லாம் காவியம்னு கெளம்பிடாதீங்க, திட்டு வாங்குன படத்துல பெரும்பாலானது திட்டு வாங்கவேண்டியதுதான்.

உண்மையச் சொன்னா குப்பைன்னு சொன்னவங்க மேல எனக்கு அவ்வளவு கோவமில்ல. ‘இந்த பட்ஜெட்டுக்கு இது பெரிய விஷயம், சப்போர்ட் பண்ணுங்க’ன்னு எழுதறாங்களே, அவங்க மேலதான் எரிச்சலே. படம் என்ன நொண்டிக் குழந்தையா, பாவம்னு கைதட்டறதுக்கு? எவ்ளோ காசுல எடுத்தாங்கங்கறது தயாரிப்பாளர் கவலை, பாக்கறவனுக்கு அவன் கண்ணு முன்னாடி வர்றதுதான் படம். அந்தக் கணக்குலதான் நானும் எழுதுனேன், மனசெல்லாம் இளகல. நடுவுல அந்தக் கிழவர் நாற்காலியில உக்காந்து காட்டேரி வம்சத்தோட வரலாற பதினஞ்சு நிமிஷம் சொல்றாரே, அது காட்ட வழியில்லாததால சொல்லித் தொலைச்ச சீனு, மன்னிப்பே கிடையாது. ரத்தமும் அப்படித்தான். நிஜ ரத்தம் நேரமாக ஆக பழுப்பா இருண்டுபோகும், இங்க ராத்திரி கொட்டுனது விடிஞ்சும் சிரப்பு மாதிரி செக்கச்செவேல்னு பளபளக்குது. அப்புறம் அந்தப் பல்லு. வாயில மாட்டிக்கற பல்ல கொஞ்சம் தடிமனா செஞ்சுட்டாங்க போல, அவ வாய தொறக்கறதுக்கு முன்னாடியே மேலுதடு புடைச்சுக்கிட்டு நிக்குது, இவதான் காட்டேரின்னு அண்ணனத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் எதுக்குய்யா ‘கண்டிப்பா பாருங்க’ன்னு போட்டேன்னா, அந்தக் கண்ணாடி சீனுக்கு. நீங்க ஓட்டுனதுல இது போயிருந்தா அழுதுடுவேன். சாப்பாட்டு மேஜை, நமக்கு முதுகு காட்டி அண்ணன் ஒரு ஓரமா உக்காந்திருக்கான், எதிர்ல அந்தப் பொண்ணு, அவளுக்குப் பின்னாடி சுவர் பூரா ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடியில அண்ணன் முகம் தெரியுது, மேஜை தெரியுது, அவ உக்காந்திருக்கற நாற்காலி காலியா தெரியுது. கேமரா நகரல, பாட்டு இல்ல, யாரும் அத கவனிக்கவும் இல்ல, அவங்கபாட்டுக்கு வீட்டு வாடகை பத்தி பேசிட்டு இருக்காங்க. நாப்பது செகண்டு. ஒருத்தர் ‘சிஜி சுமார்’னு, அதாவது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் சுமார்னு எழுதியிருந்தாரு. ஐயா, அங்க சிஜியும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது, சுவத்துல வெறும் சட்டம், அதுக்குப் பின்னாடி அதே மாதிரி இன்னொரு ரூமு, இன்னொரு மேஜை. கண்ணாடிக்குள்ள முகம் தெரியறவன்தான் நிஜ நடிகர், நமக்கு முதுகு காட்டி உக்காந்திருக்கறவன் டூப்பு. எப்படிக் கண்டுபுடிச்சேன்னா மேஜை மேல இருக்குற கப்பு. இந்தப் பக்கம் கைப்பிடி இடது பக்கமா இருக்கு, கண்ணாடிக்குள்ள வலது பக்கமா இருக்கு. கண்ணாடின்னா இடது வலது மாறும்னு யாரோ மெனக்கெட்டு திருப்பி வெச்சிருக்காங்க, பாவம், எதிர்ல நேரா மாட்டுன கண்ணாடியில நமக்கு இடதுல இருக்கறது இடதுலயேதான் தெரியும், நம்பிக்கை இல்லன்னா இப்பவே ஒரு கப்ப எடுத்துட்டுப் போயி கண்ணாடி முன்னாடி வெச்சுப் பாருங்க.

ஆனா அந்த சீன்ல எனக்கு முதுகுத்தண்டு சிலுத்தது காலி நாற்காலியப் பாத்து இல்ல. நடுவுல அண்ணன் கழுத்த சொறியறான், முதுகு காட்டறவன் கை ஒரு அரை செகண்டு லேட்டா மேல போகுது. டூப்பு கோட்டை விட்டது. வேணும்னே பண்ணாங்களா, இன்னொரு டேக் எடுக்க வழியில்லாம விட்டாங்களா, எனக்கு அதப்பத்தி அக்கறையில்ல. பாக்கும்போது எதுவோ சரியில்லன்னு மட்டும் தோணுது, என்னன்னு சொல்லத் தெரியல, அவளுக்குத்தான் பிம்பம் இல்லன்னு பாத்தா இவனோட பிம்பத்துலயும் என்னமோ கோளாறு இருக்கேன்னு வயித்துல ஜில்லுன்னு ஆகுது. வந்த கருத்து அத்தனையும் படிச்சதுல ஒரே ஒரு வாசகி மட்டும் இத எழுதியிருந்தாங்க, ‘அந்தக் கை லேட்டா வந்ததுல இருந்து நான் கண்ணாடி முன்னாடி தலை சீவறதில்ல’ன்னு. படம் புடிச்சுதா புடிக்கலயான்னு அவங்க சொல்லவே இல்ல. எனக்கு அந்த ஒரு கடிதம் போதும், உங்க அஞ்சு சொச்சத்த நீங்களே வெச்சுக்கங்க.

ரெண்டாம் பாகத்துக்கும் இப்படித்தான் எழுதுவீங்களான்னா, படம் எப்படியோ அப்படி எழுதுவேன். கிழவர் திரும்ப நாற்காலியில உக்காந்தார்னா நான் எந்திரிச்சு வந்துடுவேன். உங்களுக்கு அந்தக் குழுவுல யாரையாவது தெரியும்னா ஒரு சேதி மட்டும் சொல்லிடுங்க: மைக் வாங்கச் சொல்லுங்க, கப்ப நேரா வைக்கச் சொல்லுங்க, அந்த டூப்ப மட்டும் மாத்த வேணாம்.